முடக்குவாதம்: வலிப்பது மூட்டில், பிரச்சினை வேறு இடத்தில்

சேலத்தில் யாரிடமாவது கை விரல் வலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். வாயு என்பார் ஒருவர். உருளைக்கிழங்கை நிறுத்து என்பார் இன்னொருவர். கால்சியம் குறைச்சல் என்று மருந்துக் கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைப்பார். 2006இல் வந்த சிக்குன்குனியாவின் மிச்சம் இது என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்காடு போய்வந்தவரோ, முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி சூப் வைத்துக் குடி, எல்லாம் ஓடிப்போகும் என்பார். இன்னொரு பக்கம், பரிசோதனை நிலையத்தில் ஏதோ ஒரு பேக்கேஜ் எடுத்து, முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற வரிக்கு நேரே தடித்த எழுத்தில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, ராத்திரி முழுக்க செல்போனில் தேடி, கை கால் முடங்கப்போகிறது என்றே முடிவுகட்டி உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

இத்தனை பேச்சிலும் அடிப்படையான ஒன்று காணாமல் போய்விடுகிறது. முடக்குவாதம், டாக்டர்கள் சொல்கிற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், மூட்டு தேய்ந்து வருகிற வியாதி கிடையாது. கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி சொந்த உடம்போடு சண்டைக்கு நிற்பதால் வருவது. அந்தச் சண்டை முதலில் மூட்டில் தெரிகிறது, அவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டால் வலியை அடக்குவதும் நோயை அடக்குவதும் ஏன் இரண்டு தனி வேலைகள் என்பது தானாக விளங்கும்.

## எல்லா மூட்டுவலியும் இது இல்லை

வயதானவர்களுக்கு முழங்கால் வலி வருவது பெரும்பாலும் தேய்மானம். நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். ராத்திரியோடு ராத்திரியாகக் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூட அலற வைப்பது யூரிக் அமிலத்தால் வரும் கவுட். சிக்குன்குனியா காய்ச்சலோடு வரும், சிலருக்கு மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துவைக்கும். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரத்தில் சில ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், வருடக்கணக்கில் அதையே குடித்தவர்களுக்கு எலும்பும் முதுகும் இறுகிப்போகும். இதற்கெல்லாம் வைத்தியம் வேறு வேறு.

முடக்குவாதத்துக்கு ஒரு தனி நடை இருக்கிறது. பெரும்பாலும் கை விரல்களின் முட்டிகள், நடு மூட்டுகள், மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி என்று சின்ன மூட்டுகளில் தொடங்கும். இரண்டு கையிலும் வரும். நகத்துக்குப் பக்கத்திலிருக்கும் கடைசி மூட்டைப் பொதுவாக விட்டுவிடும். காலையில் எழுந்தால் விரல்கள் விறைத்துக்கொண்டு மடங்காது, அது இளகவே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தேய்மான வலியிலும் விறைப்பு உண்டு, ஆனால் அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை செய்பவர். கொலுசில் மணி கோக்கிற வேலை. சின்ன வளையத்தைக் குறடால் விரித்து, மணியை மாட்டி, மறுபடி அழுத்தி மூட வேண்டும். ஒருநாள் காலையில் குறடு பிடிக்க வரவில்லை. விரலை மடக்கினால் பாதியில் நின்றது. ஜாக்கெட் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, சூடு ஏறும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். பத்து மணிக்கு மேல் விரல்கள் இளகி வேலைக்கு உட்கார்ந்துவிடுவதால், காலையில் சமைக்கச் சோம்பலா என்று வீட்டில் கேலி வேறு. வெள்ளி கழுவுகிற ஆசிட் தண்ணீர்தான் காரணம் என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார். கடைசியில் காட்டிய டாக்டர், கை குலுக்குவதுபோல் விரல் முட்டிகளைச் சேர்த்துப் பக்கவாட்டில் ஓர் அழுத்து அழுத்தினார். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். ரத்தப் பரிசோதனைக்கு முன்பே டாக்டருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

காலையில் மட்டும் ஏன் அப்படி? அழற்சியை, அதாவது வீக்கத்தையும் வலியையும், கிளப்பும் ரசாயனங்கள் விடியற்காலையில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகின்றன, அசையாமல் கிடந்த மூட்டிலும் நீர் கட்டிக்கொள்கிறது. நடிப்பு ஒன்றும் இல்லை.

## அழற்சி நல்லதுதான், நிற்கத் தெரிந்தால்

விரலில் முள் குத்துகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நான்கும் சேர்ந்ததுதான் அழற்சி. கிருமி நுழைந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, வெள்ளை அணுக்களை இறக்கி, வேலை முடிந்ததும் எல்லாரையும் திருப்பி அனுப்புவது உடம்பின் வழக்கம். அழற்சி இல்லாவிட்டால் ஒரு முள் குத்தியே நாம் செத்துப்போவோம்.

பிரச்சினை இரண்டு விதமாக வரலாம். எதிரி இல்லாத இடத்தில் அழற்சி தொடங்குவது ஒன்று, தொடங்கியது நிற்காமல் போவது இன்னொன்று. முடக்குவாதத்தில் இரண்டும் சேர்ந்து நடக்கின்றன.

இதை விளக்க ஏற்காடு மலைப்பாதையைத் துணைக்கு இழுக்கிறேன். அடிவாரத்தில் ஒரு சோதனைச் சாவடி, அதற்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். சாவடிக் காவலர்களுக்கு எஸ்டேட்டிலிருந்து தினமும் இறங்கி வருகிற காபி லாரிகள் எல்லாம் அத்துப்படி, பார்த்ததுமே கையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் ஒரு லாரிக்காரர் முன்பக்கத்துக்கு வேறு பெயின்ட் அடித்துவிடுகிறார். வண்டி அதேதான், காவலருக்கு மட்டும் அடையாளம் தெரியவில்லை. நிறுத்துகிறார், படம் எடுத்து எல்லாச் சாவடிக்கும் அனுப்புகிறார், வயர்லெஸ்ஸில் ஆள் கூப்பிடுகிறார். வந்தவர்கள் தங்கள் பங்குக்கு இன்னும் ஆள் கூப்பிடுகிறார்கள். பாதை அடைத்துக்கொள்கிறது. சந்தேகம் தீர்ந்தது, கலைந்து போங்கள் என்று யாரும் உத்தரவு கொடுப்பதில்லை. தடுப்பு வைக்கக் குழி தோண்டித் தோண்டி கடைசியில் சாலையே பெயர்ந்துவிடுகிறது.

## மூட்டுக்குள் உண்மையில் நடப்பது

மூட்டின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது, பெயர் சைனோவியம். வழவழப்பான திரவத்தைச் சுரந்து மூட்டை உராயாமல் வைத்திருப்பது அதன் வேலை. இதில்தான் சண்டை நடக்கிறது.

அந்தப் பெயின்ட் அடித்த லாரிக்கு உடம்பில் ஒரு நேரடி ஜோடி உண்டு. நம் புரதங்களில் ஆர்ஜினின் என்ற ஒரு துணுக்கு சில சமயம் சிட்ரூலின் என்ற வேறு துணுக்காக மாறிவிடும். இது எல்லார் உடம்பிலும் நடப்பதுதான். ஆனால் சிலருடைய எதிர்ப்பு சக்தி அந்த மாறிய புரதத்தை அந்நியன் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு எதிராக ஆன்டிபாடிகளைத் தயார் செய்கிறது. ஆன்டிபாடி என்றால் எதிரி இவன்தான் என்று ஒட்டிக் காட்டிக்கொடுக்கும் புரதம். ஆச்சரியம் என்னவென்றால், முதல் வலி வருவதற்குப் பல வருடங்கள் முன்பே இவை ரத்தத்தில் தென்படுவதுண்டு.

அப்புறம் வயர்லெஸ். அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ரசாயனங்களுக்கு சைட்டோகைன் என்று பெயர். முடக்குவாதத்தில் டி.என்.எஃப்., இன்டர்லூகின் 6 என்ற இரண்டு சைட்டோகைன்கள் ஓயாமல் அலறிக்கொண்டிருக்கும். அந்தக் கூச்சலில் சைனோவியம் தடித்து, சதை வளர்ந்ததுபோலாகி, குருத்தெலும்பின்மேல் ஊர்ந்து அதை அரிக்கத் தொடங்குகிறது. எலும்பைக் கரைக்கும் அணுக்களும் தூண்டப்படுகின்றன. இப்படி அரித்த எலும்பு பழையபடி வளர்ந்து வருவது அரிது. விரல் ஒருபக்கமாகச் சாய்ந்துபோன கைகளைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த அரிப்பின் கடைசிக் கட்டம்.

இதுவரை சொன்னதன் சாரம்: அடையாளத்தில் ஒரு குழப்பம், அதனால் ஆன்டிபாடி, ஆன்டிபாடியால் சைட்டோகைன் கூச்சல், கூச்சலால் சவ்வு தடித்து எலும்பு அரிப்பு. வலி இந்தச் சங்கிலியின் வால்தான்.

## ஏன் சிலருக்கு மட்டும்?

ஒரே காரணத்தைக் காட்டச் சொன்னால் முடியாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. எச்.எல்.ஏ. என்ற மரபணுக் குடும்பத்தில் சில வகை இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் அச்சு அசலாக ஒரே மரபணுவோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய 100 ஜோடிகளில் 15க்குத்தான். மரபணு மட்டுமே விதி என்றால் 100ம் வந்திருக்க வேண்டும். ஆகவே அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் வந்தே தீரும் என்று பயந்துகொண்டிருக்க வேண்டாம்.

வெளியிலிருந்து வருவதில் மிக உறுதியாக நிரூபணமானது புகைபிடித்தல். புகை படப்பட நுரையீரலில் அந்தச் சிட்ரூலின் மாற்றம் கூடுகிறது, குழப்பம் அங்கேயே தொடங்கிவிடலாம் என்று கருதுகிறார்கள். ஈறு நோய்க்கும் தொடர்பு உண்டு, ஈற்றைக் கெடுக்கும் ஒரு பாக்டீரியாவும் அதே மாற்றத்தைச் செய்யக்கூடியது. கல் உடைக்கிற இடத்தில் பறக்கும் சிலிக்கா தூசியும் ஆபத்தைக் கூட்டுகிறது. மலேசியாவில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, துணி ஆலைத் தூசியில் வேலை செய்த பெண்களிடம் முடக்குவாதம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் தறிச் சத்தத்துக்கு நடுவில் வாழ்கிற நமக்கு, மூக்கை மூடிக்கொண்டு வேலை பார்க்க அது ஒரு காரணம்.

பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. குளிர் இந்த நோயை உண்டாக்குவதில்லை. டிசம்பரில் ஏற்காட்டில் விறைப்பு கூடியதுபோல் தோன்றலாம், அதற்காக மலையில் இருப்பவர்களுக்குத்தான் வரும் என்று சொல்வதற்கில்லை. கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி பாவம், அவை ஒன்றும் செய்யவில்லை.

## மூட்டைத் தாண்டியும் போகும்

எதிர்ப்பு சக்தி ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை, ரத்தத்தோடு ஓடுகிறது. அதனால்தான் இதை உடல் முழுவதுக்குமான அழற்சி நோய் என்கிறார்கள். நாளெல்லாம் அடித்துப்போட்டதுபோல் சோர்வு, லேசான காய்ச்சல், எடை குறைவு, இரும்புச் சத்து மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை, கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தும் வறட்சி, சிலருக்கு நுரையீரலில் தழும்பு. இதய நோயால் இறக்கும் ஆபத்தும் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மூட்டுவலிக்காரருக்கு டாக்டர் ஏன் பி.பி.யும் கொழுப்பும் பார்க்கிறார் என்று எரிச்சல்படுகிறவர்கள் இந்த ஒரு வரியை நினைவில் வைக்கலாம்.

## ரிப்போர்ட்டில் இருக்கும் எழுத்துகள்

ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எங்கே, எதனால் என்று சொல்லாது. சளிக் காய்ச்சலில்கூட ஏறும்.

ஆர்.ஏ. ஃபேக்டர்தான் அதிகம் பேரைப் பயமுறுத்துவது. முடக்குவாதக்காரர்களில் 70 முதல் 80 சதவீதம் பேருக்கு இது பாசிட்டிவ். மீதிப் பேருக்கு நோய் இருந்தும் நெகட்டிவ். மறுபக்கம், காசநோய், ஈரல் தொற்று இருப்பவர்களுக்கும், வயதான ஆரோக்கியமானவர்கள் சிலருக்கும்கூட பாசிட்டிவ் வரும். ஆகவே மூட்டு வீக்கமே இல்லாமல் பேக்கேஜில் வந்த ஆர்.ஏ. பாசிட்டிவை மட்டும் வைத்து யாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை. ஆன்டி சி.சி.பி. என்பது சிட்ரூலின் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனை, இது பொய்ச் சாட்சி சொல்வது குறைவு. இவ்வளவும் பார்த்தபின் டாக்டரின் விரல்தான் தீர்ப்பு சொல்கிறது. தோளிலிருந்து முழங்கால் வரை 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று எண்ணுவது வழக்கம். மருந்து வேலை செய்கிறதா என்பதையும் இந்த எண்ணிக்கையை வைத்தே பின்னால் பார்ப்பார்கள்.

## மருந்துகள்: யார் எதை அடக்குகிறார்கள்

டைக்லோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரை வலியைக் குறைக்கும், எலும்பு அரிப்பை நிறுத்தாது. வலி இல்லையே என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது உள்ளே அரிப்பு நடந்துகொண்டிருக்கும். மாதக்கணக்கில் கடையிலேயே வாங்கிப் போட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் கூடுதல் பரிசு.

ஸ்டீராய்டு எல்லா வயர்லெஸ்ஸையும் ஒரேயடியாக அமுக்கிவிடும். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் முதன்முதலாக கார்ட்டிசோன் கொடுத்தபோது, படுத்த படுக்கையாக இருந்த பெண் சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசே கிடைத்தது. பக்கவிளைவுகள் பின்னாலேயே வந்தன: முகம் உப்புதல், சர்க்கரை ஏறுதல், எலும்பு மெலிதல், தொற்று. இன்றைக்கு இதைக் குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்கு, மற்ற மருந்து பிடிக்கும்வரை பாலமாகக் கொடுக்கிறார்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதை மறந்திருக்கும்.

உண்மையான வேலைக்காரர் மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், அங்கே லெடர்லே ஆய்வகத்தில் நடத்திய குழு 1940களில் உருவாக்கிய மருந்து வரிசையில் வந்தது இது. முதலில் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைத்தது 1988இல். மருந்துச் சீட்டை கூகுளில் போட்டுப் பார்த்துவிட்டு, கேன்சர் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள் என்று பாதியில் ஓடிப்போகிறவர்கள் இங்கேதான் ஓடுகிறார்கள். புற்றுநோய்க்கு ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் ஏற்றுவார்கள். முடக்குவாதத்துக்கு வாரம் முழுவதற்கும் 7.5 முதல் 25 மில்லிகிராம்தான். சாவடியை மூடுவதில்லை, அவசரக் குடுக்கைகளின் வேகத்தைக் குறைக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் பயப்படத்தான் வேண்டும். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மருந்து. தினமும் போட்டுவிட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போனவர்கள் உலகெங்கும் உண்டு. அந்த அக்கா வீட்டு நாள்காட்டியில் புதன்கிழமைத் தாளிலெல்லாம் சிவப்பு பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கிறது, மகள் செய்த வேலை. மற்ற நாளில் டாக்டர் சொன்னபடி ஃபோலிக் அமிலம் போட்டால் வாய்ப்புண், குமட்டல் குறையும். ஈரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும், மது கூடவே கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களோ கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களோ இதைத் தொடக்கூடாது, முன்கூட்டியே சொன்னால் மாற்று மருந்து இருக்கிறது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். ரெண்டு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று கைவிடுவது, நாற்று நட்ட கையோடு அரிவாளைத் தேடுகிற கதை.

மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், லெஃப்ளுனமைடு ஆகியவையும் இதே வரிசை. முதலாவதை நீண்டநாள் சாப்பிடுபவர்கள் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இவை போதாதவர்களுக்கு ஒரே ஒரு அலைவரிசையை மட்டும் வெட்டுகிற ஊசிகள் இருக்கின்றன, பயாலஜிக் என்பார்கள். 1990களில் லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் டி.என்.எஃப்.ஐ மட்டும் தடுத்துப் பார்த்தார்கள், மூட்டுகள் அடங்கின. அடலிமுமாப், எடனர்செப்ட் எல்லாம் அந்த வழி. டோசிலிசுமாப் இன்டர்லூகின் 6இன் வழியை அடைக்கிறது. நம் நாட்டில் முக்கியமான ஓர் எச்சரிக்கை உண்டு. உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியைக் காவலில் வைத்திருப்பதும் டி.என்.எஃப்.தான், அதைத் தடுத்தால் கிருமி விழித்துக்கொள்ளும். ஊசிக்கு முன்னால் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பது அதற்காகத்தான். டோஃபாசிடினிப் போன்ற ஜாக் தடுப்பு மாத்திரைகள் செய்தி அணுவுக்குள் போனபின் அதைத் தடுக்கின்றன. இதய நோய், ரத்தக் கட்டி ஆபத்து உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

சுருக்கமாக: வலி மாத்திரை வாலைப் பிடிக்கிறது, ஸ்டீராய்டு எல்லாரையும் அமுக்குகிறது, மெத்தோட்ரெக்சேட் வேகத்தைக் குறைக்கிறது, பயாலஜிக் ஒரு கம்பியை மட்டும் வெட்டுகிறது.

## கிழங்கும் பொட்டலமும்

ஏற்காட்டில் சாலையோரம் பழுப்பு முடி மூடிய முடவாட்டுக்கால் கிழங்கைக் குவித்து வைத்திருப்பார்கள். முடியைச் சீவி, நறுக்கி, மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டு சூப். குளிருக்கு இதமாகத்தான் இருக்கிறது, நானும் குடிப்பேன். உண்மையில் அது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. மூட்டு அரிப்பை நிறுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் நடந்த தரமான ஆய்வு எதையும் காட்ட முடியாது. சூப்பைக் குடியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது பெயர் ஒட்டாத பொட்டலத்தின்மேல். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்று யாராவது ஒரு பொடியைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் தெரிந்தால், பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

மூட்டு வீக்கமும் காலை விறைப்பும் 6 வாரத்தைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். அறிகுறி தொடங்கி முதல் மூன்று மாதத்துக்குள் மருந்து ஆரம்பித்தால் நோய் முழுதாக அடங்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, தள்ளிப்போடப் போட அது குறைகிறது. இந்த மாதிரி மூட்டு நோய்களுக்கென்றே இருக்கும் ருமட்டாலஜி டாக்டர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம். போகும்போது விறைப்பு காலையில் எத்தனை மணிவரை நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு, இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.